அவுஸ்திரேலியாவிற் குடிபுகுதல்

(எமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



விடுமுறைக்கு ஊர் வந்த நாள் முதலாக, "அவுஸ்திரேலியாவில் வாழ்க்கை எப்படியிருக்கின்றது?" என்று எம்மைக் கேளாதவர் இலர். கேட்பவர் எல்லாரும் ஒரு வார்த்தையில் விடையை எதிர்பார்க்கின்றனர். "நல்லது" என்றால், "வீடு வாங்கியாயிற்றா?" என்பது அடுத்த கேள்வி. செயலாளர் அவர்கள் அரைமணி நேரம் தந்திருப்பதனால், சற்று நீட்டி விடை கூறலாம் என்று எண்ணுகின்றோம். விசாவுக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, எந்தப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம் என்பவற்றைச் சொல்ல நகரத்திலே முகவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுடைய உதவி விமான நிலைய வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மறுநாட் காலை எழுந்து அடுப்பு மூட்டுவது முதலான காரியங்களே எமது பொருள். "நாம்" என்று சொல்லுமிடமெல்லாம் எங்கள் வீட்டாரையும், சிட்னி நகரின் மேற்குப் புறத்திலே குடியேறிய அயலாரையும், கூடப் படிக்கும் மாணவரையும் சேர்த்தே சொல்லுகின்றோம் என்று கொள்க.

முதலிற் சிறிது வரலாறு. நம்மவர் அந்நாட்டிற் குடியிருக்கலாம் என்பது அவ்வளவு பழைய செய்தியன்று. 1901ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளையரல்லாதாரை வெளியே நிறுத்துவதற்காகச் 'சொல்வதெழுதுதல்' பரீட்சை ஒன்றை வைத்திருந்தது. அதிகாரி தாம் விரும்பிய ஐரோப்பிய மொழியிலே ஐம்பது சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். மிசன் பாடசாலையிலே பிரம்புக்குப் பயந்து ஆங்கிலம் சொல்வதெழுதிய பெரியோர் பலர் இச்சபையில் இருக்கின்றீர்கள். ஆங்கிலமாயின் நீங்கள் தேறியிருப்பீர்கள். ஆனால், தேறவிடுவது அப்பரீட்சையின் நோக்கமன்று. 1934இல் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளர் பன்மொழி அறிந்தவராய் வந்திறங்கியபோது, அவருக்கு ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியிலே பரீட்சை வைத்தார்கள்! சட்டம் கருதிய ஐரோப்பிய மொழிகளுள் அது அடங்காது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றமே பின்னர்த் தீர்ப்பளித்தது. 1958இல் அப்பரீட்சை ஒழிந்தது. நிறம் பார்க்கும் கொள்கை முற்றாக நீங்கியது 1973இலேயாம்.

1950 ஜனவரியிலே கொழும்பிற் கூடிய பொதுநலவாய மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர்கள் அங்கே சென்று கற்றனர்; கற்றபின் திரும்பிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. இலங்கையிலிருந்து முதலிற் பெருந்தொகையாகக் குடியேறியவர் பறங்கியர். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர்த் தமிழர் தொகை பெருகத் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வீட்டிலே தமிழ் பேசுவோர் 95,000க்கு மேற்பட்டோர். இந்து சமயத்தவர் ஏறத்தாழ 684,000 பேர். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க் வேங்கடேசுவரர் கோயில் 1985இலும், மெல்பேர்ண் புறநகரான கரம் டவுன்ஸிலே சிவா-விஷ்ணு கோயில் 1994இலும், மேஸ் ஹில்லிலுள்ள சிட்னி முருகன் கோயில் 1999இலும் குடமுழுக்குக் கண்டன. வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், ரூங்கபி என்று ரயில்பாதை ஓரமாக நீளும் ஊர்களிலே இடியப்ப மாவும் சிவப்பரிசியும் கடையில் வாங்கலாம். ஆகவே இன்று போகிறவர் வனவாசம் போகவில்லை. அந்தப் பயத்தை முதலில் நீக்கிவிடுங்கள்.

விமான நிலையத்திலேயே ஒரு பாடம் இருக்கின்றது. உணவு, விதை, இலை, மரப்பொருள் ஏதேனும் கொண்டுவருகின்றீரா என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். நம்மவர் பெட்டியிலே புழுக்கொடியலும் கறிவேப்பிலையும் உருத்திராக்க மாலையும் இருக்கும். கையோ பயத்தினால் 'இல்லை' என்ற கட்டத்திலே கோடிடும். இது தலைகீழான புத்தி. உள்ளதை உள்ளபடி சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. மிஞ்சினால் அப்பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தவருக்கே தண்டப்பணம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடாகையால், கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோயை 1872க்குப் பின் உள்ளே வரவிடாமற் காத்து வருகின்றார்கள். ஒரு பிடி விதை அவர்களுக்கு விளையாட்டன்று.

அடுத்தது வீடு. வாடகை கிழமைக் கணக்கிற் பேசப்படும். அதை மாதக் கணக்கென்று நினைத்து மகிழ்பவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சி ஏழு நாளைக்குத்தான். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே நான்கு கிழமை வாடகைக்கு மேற்படாத தொகையைப் பிணைப்பணமாகக் கொடுக்க வேண்டும். அது வீட்டுக்காரர் கையில் இராமல் அரசாங்கப் பொறுப்பில் இருக்கும். குடிபுகும்போது வீட்டின் நிலையைக் குறித்த பத்திரமொன்று தருவார்கள். எந்தச் சுவரிலே வெடிப்பு, எந்தக் கதவிலே கீறல் என்று நாமும் பார்த்தெழுதி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். "வந்த முதல் நாளே குறை சொல்வது மரியாதையன்று" என்று வெறுமனே கையொப்பமிடுவது நம்மவர் வழக்கம். வீட்டைவிட்டுப் போகும் நாளிலே, பழைய குடியிருப்பாளர் செய்த கீறலெல்லாம் நம்முடைய பிணைப்பணத்திலேயே கழியும். நம்மூர் மரியாதையை அந்தப் பத்திரத்திலே காட்டவேண்டாம்.

குப்பைக்கும் அங்கே ஒழுங்குண்டு: சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று தொட்டிகள். எதற்குள் எது என்பதை வீட்டுப் பிள்ளைகளிடமே கேட்டறிந்து கொள்ளலாம். பாடசாலையிற் படித்து வந்து அவர்களே நம்மைத் திருத்துவார்கள்.

புகையைப் பற்றி மாத்திரம் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அம்மாநிலத்திலே 2006 முதல் ஒவ்வொரு வீட்டிலும் புகை அறிவிக்கும் மணி இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கூரையிலே ஒரு சின்ன வெள்ளை வட்டம். பார்த்தால் அப்பாவிபோல் இருக்கும். குசினியிலே கடுகும் செத்தல் மிளகாயும் தாளிதத்தில் விழுந்த மறுகணம் ஊரைக் கூட்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் அதே மரியாதைதான். சில அடுக்குமாடிகளில் அம்மணி தீயணைப்புப் படையோடு தொடுக்கப்பட்டிருக்கும். குங்கிலியக் கலய நாயனார் அத்தகைய மாடியொன்றிற் குடியிருந்தாராயின், திருத்தொண்டு முடியுமுன் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்திருக்கும். சிலர் மணியின் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். அந்த வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தாலானவை. ஆகையால் அது சட்டவிரோதம் மாத்திரமன்று, உயிரோடு விளையாட்டுமாகும். யன்னலைத் திறந்து, புகையிழுக்கும் விசிறியை ஓடவிட்டுத் தாளிக்கலாம். சாம்பிராணியைப் பின்முற்றத்திலே இடலாம். சுவாமி அங்கேயும் மணப்பார்.

நாம் மிசன் பாடசாலையிற் கற்ற ஆங்கிலம் இலக்கணச் சுத்தமானது. அதைக் கொண்டு பல்கலைக்கழகத்திற் கட்டுரை எழுதலாம். கடைக்காரர் பேசுவதை விளங்கிக்கொள்வதுதான் வில்லங்கம். பிற்பகலை 'ஆர்வோ' என்பார்கள். விருந்துக்கு அழைக்கும்போது, 'பிறிங் எ பிளேற்' என்பார்கள். பாத்திரம் போதாது போலும் என்றெண்ணி வெறுந் தட்டோடு போய் நின்ற புதியவரின் கதையை அங்கே எல்லாரும் சொல்வார்கள். உணவொன்று சமைத்துக் கொண்டு வருக என்பதே அதன் பொருள். பேராசிரியரை 'சேர்' என்றழைத்தால் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கின்றார். பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்கின்றார். குருவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எமது நாக்கு இன்னும் பழகவில்லை. பழக வேண்டும் என்ற அவசரமும் எமக்கில்லை. ஆனால் ஒரு வழக்கம் எம்மைக் கவர்ந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சிறுவர் முதற் பெரியவர் வரை சாரதிக்கு நன்றி சொல்லி இறங்குகின்றார்கள். அதை இங்கேயும் தொடங்கினாற் குற்றமில்லை.

உத்தியோகத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்கின்றோம். இங்கே பெற்ற பட்டம் அங்கே செல்லாது என்பதும் பொய். அப்படியே செல்லும் என்பதும் பொய். வைத்தியர் அவுஸ்திரேலிய மருத்துவக் கவுன்சிலின் பரீட்சைகளில் தேறவேண்டும். பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தத்தம் சபை மதிப்பிட்டுச் சொல்லும். அதன் பின்னும் "உள்நாட்டு அனுபவம் உண்டா?" என்ற கேள்வி ஒன்று உண்டு. வேலை கொடாமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்டாற் பதிலில்லை. ஆகையால் முதல் இரண்டு வருடம் தகப்பன்மார் களஞ்சியசாலையிலும் வாடகைக் காரிலும் முதியோர் இல்லத்திலும் உழைப்பதைக் காணலாம். இங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் அங்கே பெட்டி தூக்குவதை ஊராருக்கு எழுதுவதில்லை. உழைப்பிலே இழிவில்லை, மறைப்பதினாலேதான் அடுத்துப் போகிறவரும் ஏமாறுகின்றார். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2023 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய மாணவ விசா இடங்கொடாது. உழைத்தே கட்டணம் கட்டலாம் என்று யாராவது கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கை மறுபடி கூட்டிப் பாருங்கள்.

குடிபுகவே விடப்படாதவர்களும் அங்கே இருக்கின்றார்கள் என்பதைச் சொல்லாமற் போவது தகாது. படகிலே வந்தவர்களை 2013 ஜூலை 19ஆம் திகதிக்குப் பின் அந்நாட்டிற் குடியேற்றுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன் வந்தவர்களிலும் பலர் பத்தாண்டுக்கு மேலாகத் தற்காலிக அனுமதியிலே காலங் கழித்தனர். தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வழி திறந்தது; விண்ணப்பம் மறுக்கப்பட்டோருக்குத் திறக்கவில்லை. குயின்ஸ்லாந்திலுள்ள பிலோயெலா என்ற சிற்றூரிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் குடும்பமொன்றுக்காக அவ்வூர் வெள்ளைக்கார அயலவர்களே ஆண்டுக்கணக்கிற் போராடினார்கள். 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. அயலவர் என்ற சொல்லுக்கு அங்கேயும் பொருளுண்டு என்று அன்று கண்டோம்.

காலத்தைப் பற்றி இச்சங்கத்தார் விரும்பிக் கேட்பீர்கள். அங்கே மார்கழி கடுங்கோடை. திருவெம்பாவைக் காலத்துக் குளிர் நீராடல் அங்கே உண்மையிலேயே இன்பமானது! நண்பகலிற் சூரியன் வடக்கே நிற்கும்; நிழல் தெற்கே விழும். நிழலைப் பார்த்துத் திசையறியும் நம்மூர்க் கிழவருக்கு ஒரு கிழமை தலை சுற்றும். ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பார்கள். ஆகவே சிட்னி இலங்கைக்கு நாலரை மணி முந்தியும் சில மாதங்களில் ஐந்தரை மணி முந்தியும் ஓடும். இதனாலே திதி நாள் மாறிவிடுவதுண்டு. இங்கே இன்று ஏகாதசி என்றால் அங்கே நாளையாகிவிடுவதுண்டு. ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை. அவ்விடத்து நேரத்துக்குக் கணித்த கோயிற் பஞ்சாங்கத்தைப் பார்க்கவேண்டும். தைப்பொங்கலுக்கு வேறொரு தடை. வெயிலும் காற்றும் மிகுந்த நாளிலே தீ மூட்டலாகாது என்று முழுத்தடை விதிப்பார்கள். அன்று முற்றத்திலே விறகடுப்பு மூட்டுதல் குற்றம். 2019-20 கோடையிலே காடுகள் எரிந்ததைக் கண்டவர்கள் அத்தடையைக் குறைகூற மாட்டார்கள். அவ்வாறான வருடத்திலே கிழக்கு யன்னலோரம் மின்னடுப்பிற் பொங்குகின்றோம். பால் அங்கேயும் பொங்கி வழியத்தான் செய்கின்றது, துடைப்பதுதான் சிரமம்.

நிற்க. இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகின்றோம். பெரியோர்கள் முன்வரிசையில் இருப்பதனாற் சிறிது கூச்சத்தோடுதான் சொல்கின்றோம்.

ஒரு குடும்பம் குடிபுகுந்துவிட்டதா என்பதை, அவ்வீட்டில் எல்லாரிலும் மெதுவாக நடப்பவரைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது எமது கருத்து. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஆறு மாதத்தில் அந்நாட்டுப் பிள்ளையாகி விடுகின்றது. உழைக்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் வழிக்கு வந்துவிடுகின்றார்கள். அப்போது வீடு வாங்கி, கார் வாங்கி, ஊருக்குப் படமும் அனுப்புகின்றோம். அப்படத்தில் ஓரமாக, கம்பளிச்சட்டை அணிந்து நிற்கும் அம்மம்மா குடிபுகுந்துவிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

அவர் ஏன் அழைக்கப்பட்டார்? தாயைக் காணாமல் இருக்க முடியவில்லை என்பது உண்மை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகக் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டும் காசு தாங்க முடியவில்லை என்பதும் உண்மை. முன்னதை வெளியே சொல்வோம். பின்னதைச் சொல்ல மாட்டோம். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதானதும், காலை எட்டு மணிக்கு வீடு வெறிச்சோடிப் போகும். பின்னேரம் மூன்றரை வரை அவரும் சுவரும்தான்.

நம்மூர் வளவை நினைத்துப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேற் கிடுகுவேலி. வெளியாருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வேலியிலே ஒரு பொட்டு இருக்கும். அதனூடாக நாளொன்றுக்குப் பத்துத் தரம் அயல்வீட்டார் வந்து போவார்கள்: ஒரு சுண்டு அரிசிக்கு, ஒரு கிள்ளுக் கறிவேப்பிலைக்கு, சும்மா ஒரு கதைக்கு. சிட்னியில் எமது வீட்டுக்கு முன்புறம் வேலியே இல்லை. வீதியிலிருந்து வாசற்கதவு வரை பச்சைப் புல். யாரும் தடையின்றி நடந்து வரலாம், ஒருவரும் வருவதில்லை. வேலியுள்ள ஊரிலே வழியிருந்தது, வேலியில்லாத ஊரிலே வழியில்லை. அவர்கள் பொல்லாதவர்கள் என்பதன்று. அழையாமற் போவது அநாகரிகம் என்று நினைக்கின்றார்கள். நாம் அழைக்காதிருப்பதை அவர்களும் நம்முடைய வழக்கமென்று எண்ணுகின்றார்கள்.

எமது வீட்டிலே அம்மம்மாவுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் உணவு, தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சி, கையிலே தொலைபேசி. ஊரிலிருந்து யார் அழைத்தாலும் "எனக்கென்ன, ராசாத்தி மாதிரி இருக்கிறன்" என்பார். இந்த வாக்கியத்தைப் பல வீடுகளிற் பல பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். பிள்ளைகளைக் குறைசொல்லலாகாது என்ற பெருந்தன்மை அது. ஊரில் யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பதை விடியுமுன் அறிந்திருந்தவர், முதலாம் குளிர்காலத்திலே தபாற்காரர் வருகிற நேரம் பார்த்து யன்னலோரம் நிற்கக் கண்டோம். கடிதம் ஒன்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு மனிதரைப் பார்க்க நின்றார்.

சின்னம்மாதான் முதலிற் சொன்னார்: "அம்மாவுக்குப் பஸ்ஸிற் போகப் பழக்குங்கோ." வீட்டிலே பெரிய விவாதம். "வழி தவறிப் போனால்? ஆங்கிலம் தெரியாதே?" என்றார் மாமா. "ஊரில் ஷெல்லடிக்குள்ளே ஆறு பிள்ளைகளைக் கொண்டு திரிந்த மனுசிக்கு இது பெரிய காரியமோ?" என்றார் சின்னம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

பழக்கிய முறையை விரிவாகச் சொல்கின்றோம், பலருக்கு உதவும். பஸ்ஸின் இலக்கத்தைக் கடதாசியில் உள்ளங்கையளவு பெரிதாக எழுதினோம். தரிப்பிடங்களின் ஆங்கிலப் பெயர்களைப் பாடமாக்கச் சொல்லவில்லை. செங்கற் தேவாலயம் தாண்டிய பின் இரண்டாவது, எதிரே நீல எண்ணெய்க்கடை என்று அடையாளங்களைச் சொன்னோம். ஓப்பல் என்னும் பயண அட்டையை ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் தொட்டுவிடவேண்டும். இறங்கும்போது மறந்தாற் கூடுதலாகக் காசு கழியும் என்பதை அவர் உடனே மனத்திற் பதித்துக்கொண்டார். காசு விஷயத்தில் நம்மவருக்கு ஞாபகமறதி வருவதில்லை. பணப்பையிலே வீட்டு முகவரியும் இரண்டு தொலைபேசி இலக்கமும். மூன்று கிழமை யாராவது கூடப் போனோம். மூன்றாம் கிழமை பஸ்ஸின் பின்னாசனத்திலே ஒதுங்கியிருந்து பார்த்தோம். நாலாங் கிழமை வெள்ளிக்கிழமை தனியே முருகன் கோயிலுக்குப் புறப்பட்டார். அன்று வேலைத்தலத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் திரும்பி வந்தார். தனியாக அன்று, மட்டக்களப்பு அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு! இரண்டு தெரு தள்ளி நான்கு வருடமாக அவர் இருந்திருக்கின்றார், ஒருவரையொருவர் அறியார்.

அதன் பின் கோயில் மடைப்பள்ளியிலே காய்கறி வெட்டும் கூட்டத்திற் சேர்ந்தார். நகரசபை நூலகத்திலே தமிழ்ப் புத்தகங்கள் இருப்பதை எமக்கு அறிவித்தவரும் அவரே. பின்வீட்டு இத்தாலியக் கிழவியோடு தக்காளிப்பழத்துக்கு வாழைக்காய் மாற்றுகின்றார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது, வேலிக்கு மேலாற் கைதான் பேசுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரஞ்சென்று எழும்புவதற்கும் விளக்கு அணைக்காததற்கும் எமக்குப் பழையபடி ஏச்சு விழத் தொடங்கியது. ஊரை விட்ட பின் அந்த ஏச்சைக் கேட்டதே இல்லை. அன்றுதான் எமது வீட்டார் குடிபுகுந்தனர் என்று கணக்கு வைத்திருக்கின்றோம்.

வைத்தியரிடம் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேரப்பிள்ளை ஒன்றை மொழிபெயர்க்கக் கூட்டிப் போவது எங்கும் வழக்கமாயிருக்கின்றது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முன்னால் ஒரு பாட்டி தம் உடலின் எல்லா நோவையும் சொல்லுவாரா? சொல்ல மாட்டார். சொன்னாலும் 'நாரி உளைவு', 'நெஞ்செரிவு' என்பவற்றுக்கு அப்பிள்ளைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. "பாட்டிக்கு வயிற்றில் நோ" என்று முடித்துவிடும். இப்படி அடக்கி வைத்த நோய் முற்றிப்போனதை அறிவோம். 131 450 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். 1973 முதல் அந்நாட்டு அரசாங்கம் நடத்திவரும் சேவை அது. வைத்தியரே அழைத்துத் தொலைபேசியை நடுவில் வைத்துப் பேசுவார். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். கேட்பதற்கு நாம்தான் வெட்கப்படுகின்றோம்.

பெற்றோரை நிரந்தரமாக அழைப்பது எளிதன்று என்பதையும் அறிந்து வைத்திருங்கள். சாதாரண பெற்றோர் விசாவுக்கு 30 ஆண்டளவு காத்திருக்க வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களமே சொல்லுகின்றது. எழுபது வயதிலே விண்ணப்பித்தவர் யாரை நம்பிக் காத்திருப்பது? விரைவான வகைக்கு ஆளொன்றுக்கு 40,000 டொலருக்கு மேற் கட்டவேண்டும். ஆகவே பெரும்பாலார் வருகை விசாவிலேயே போய் வருகின்றனர். அவர்களுக்கு அந்நாட்டு மெடிகெயார் மருத்துவ உதவி இல்லை. இலங்கையோடு அதற்கான உடன்படிக்கை கிடையாது. காப்புறுதி வாங்கித்தான் போகவேண்டும். நீரிழிவு, பிரசர் முதலிய பழைய நோய்களுக்கு அது உதவுமா என்பதை வாசித்தறிந்தே வாங்கவேண்டும். நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கு 1948இலிருந்து நடந்துவரும் இலவச ஆங்கில வகுப்பு உண்டு. 2021 முதல் அதற்கு மணித்தியாலக் கட்டுப்பாடும் நீங்கிற்று. அறுபத்தைந்து வயதிற் கொப்பியும் பென்சிலுமாகப் போய்ச் சீன நாட்டவருக்கும் ஆப்கானியருக்கும் நடுவிலே அமர்ந்து படிக்கும் தாய்மாரைக் கண்டிருக்கின்றோம். வீட்டிலே அதைக் கேலி செய்யும் பிள்ளைகளையும் கண்டிருக்கின்றோம்.

"நாங்கள் ஏன் அந்தக் குளிருக்குள் வரவேண்டும்? ஊரோடே கிடந்துவிடுகிறோம்" என்று இங்குள்ள பெரியோர் சிலர் சொல்வதுண்டு. அது அவர்கள் உரிமை. அதை மதியாமல், வழியனுப்ப ஆளில்லாத நேரம் பார்த்துக் கையொப்பம் வாங்குவது நன்றன்று என்று எம்மைப் போன்ற இளைஞருக்குச் சொல்வோம். ஆனால் போவதென்று முடிவு செய்தவர் ஆயத்தமாய்ப் போகவேண்டும். பிள்ளைகளுக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்பு மூலைக்கு மூலை நடக்கின்றது. போகப்போகும் தாய் தகப்பனுக்கு ஒரு வகுப்பும் இல்லை. மிளகாய்த்தூள் இடிப்பதோடு அவர்களுடைய ஆயத்தம் முடிந்துவிடுகின்றது.

எமது சங்க மண்டபம் ஞாயிறு பின்னேரங்களிற் பூட்டிக் கிடக்கின்றது. கரும்பலகை இருக்கின்றது, வாங்குகள் இருக்கின்றன. நாம் ஊரில் நிற்பது இன்னும் ஐந்து கிழமை. இவ்வருடம் பிள்ளைகளிடம் போகவிருக்கும் பெரியோர்களுக்கு நான்கு வகுப்புகள் நடத்தத் தலைவர் அவர்கள் அனுமதி தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். தம் பெயர், பிறந்த திகதி, முகவரியை ஆங்கிலத்திற் சொல்லுதல். ஆபத்துக்கு 000 என்ற இலக்கத்தை அழைத்தல். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்குரிய ஒரே ஒரு வாக்கியம். குடிக்கும் குளிசைகளின் பெயரை எழுதி வைத்தல். பஸ் இலக்கம் வாசித்தல். இவ்வளவும் போதும். பயண அட்டை ஒன்று எம்மிடம் இருக்கின்றது. தொட்டுப் பார்க்கக் கொண்டு வருவோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். பிள்ளைகள் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குபவர்கள் எம்மிடம் இரகசியமாகக் கொடுத்தாலும் சரி.